அரசு முயலும்

இலக்கியச் சிற்றேட்டில் அங்கன்வாடிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். படிமம் பற்றியும் விமர்சன அளவுகோல் பற்றியும் பேச வேண்டிய பக்கங்களை அரசாங்கத்தின் குழந்தை வளர்ப்புக்குக் கொடுப்பது விரயம் என்பது அவர்கள் அபிப்ராயம். திட்டங்களைப் பற்றி எழுதத் தினசரிகள் உண்டு, கட்சி ஏடுகள் உண்டு. அவற்றில் வராத எதை நாம் சொல்லிவிடப் போகிறோம்?

அவற்றில் வராதது திட்டத்தின் மொழி. 1959இல் திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து செல்லப்பா ‘எழுத்து’ நடத்தத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை நாம் ஓயாமல் சொல்லி வருவது ஒன்றுதான்: சொல்லைச் சந்தேகி. ஒரு சொல் எங்கே தன் பொருளைச் சுமக்கிறது, எங்கே பொருளைக் கீழே போட்டுவிட்டு நழுவுகிறது என்று பார். கவிதையில் ஒரு அடைமொழி பொய் சொன்னால் நான்கு பக்கம் எழுதிக் கண்டிக்கிற நாம், ஒரு சட்டத்தின் வினைமுற்று பொய் சொல்லும்போது வாயைத் திறப்பதில்லை. இந்த மௌனத்துக்குக் கலைத்தூய்மை என்று பெயர் வைத்துக்கொள்வது சௌகரியம். எனக்கு அது சோம்பலாகத்தான் தெரிகிறது.

வினைமுற்றிலிருந்தே தொடங்குகிறேன். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45ஆவது பிரிவு, பதினான்கு வயது முடியும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயலும் என்றது. ‘முயலும்’ என்பது நழுவல்தான். ஆனால் அன்று கூடவே ஒரு கெடுவும் இருந்தது: பத்து ஆண்டுகளுக்குள். கீழ்வயது எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே மூன்று வயதுக் குழந்தையும் அந்த வாக்கியத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தது. கெடு 1960 ஜனவரியில் முடிந்தது. அரசு முயன்றுகொண்டே இருந்தது.

2002இல் 86ஆவது திருத்தம் வந்தது. ஆறிலிருந்து பதினான்குவரை கல்வி அடிப்படை உரிமையாயிற்று. இந்த வயதுக்கு மட்டும் ‘முயலும்’ போய், ‘அளிக்கும்’ வந்தது. நாடு கொண்டாடியது. கொண்டாட்டத்தின் சத்தத்தில் பழைய 45ஆவது பிரிவுக்கு என்ன ஆயிற்று என்று அதிகம் பேர் கவனிக்கவில்லை. அதைத் திருத்தி எழுதி, ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பராமரிப்பும் கல்வியும் என்று ஆக்கி, அங்கே ‘முயலும்’ என்பதை அப்படியே விட்டுவைத்தார்கள். பத்து ஆண்டு என்ற கெடுவை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதாவது பெரிய குழந்தைக்கு உரிமை, சின்னக் குழந்தைக்குக் காலவரையற்ற முயற்சி. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் தன் 11ஆவது பிரிவில் மூன்று முதல் ஆறு வயதுவரைக்கும் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்றது. முயலும், செய்யலாம். எட்டு வயதுக்காரனிடம் கடமைப்பட்ட அரசு, நாலு வயதுக்காரியிடம் விருப்பப்பட்டால் வருகிறது.

2019இல் வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கையின் வரைவு, சட்ட உரிமையை மூன்று வயதிலிருந்தே தொடங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2020இல் வந்த இறுதிக் கொள்கை மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று எழுதியது. ஆனால் அந்தப் பரிந்துரையைத் திட்டவட்டமாக ஏற்றுக்கொள்ளவில்லை. விஞ்ஞானத்தை மேற்கோள் காட்டுகிற கை சட்டத்தில் கையெழுத்துப் போடத் தயங்குகிறது.

அடுத்தது பெயர்ச்சொற்கள். அங்கன்வாடியில் குழந்தைகளோடு இருக்கிற பெண்ணுக்கு மத்திய அரசு கொடுப்பதன் பெயர் ‘மதிப்பூதியம்’. 2018 அக்டோபரில் அதை மாதம் 4,500 ரூபாய் என்றும், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்றும் உயர்த்தினார்கள். மதிப்பும் ஊதியமும் சேர்ந்த இந்தச் சொல்லில் இரண்டுமே இல்லை. ஊதியம் என்று சொன்னால் வேலை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை என்றால் பதவி, பதவி என்றால் பென்ஷன். எனவே மதிப்பு. தமிழ்நாட்டில் மாநிலம் தன் பணத்தையும் சேர்த்துக் கூடுதலாகத் தருகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு இங்கே வைத்த பெயர் ‘சிறப்பு காலமுறை ஊதியம்’. காலமுறை ஊதியத்துக்கு முன்னால் ‘சிறப்பு’ என்று ஓர் அடைமொழி வந்தால் தொகை குறைகிறது. சாதாரண காலமுறை ஊதியம் கொடு என்று இந்தப் பெண்கள் வருஷக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்து கேட்கிறார்கள். சிறப்பு வேண்டாம் என்று போராடுகிற ஒரு கூட்டம் நம் ஊரில் இருக்கிறது. இந்த அங்கதத்தை நம்மில் எவரும் கற்பனை செய்து எழுதவில்லை, நிதித்துறை எழுதிவிட்டது.

இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று கர்நாடக வழக்கொன்றில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரல் 25 அன்று அதே நீதிமன்றம், குஜராத்திலிருந்து வந்த வழக்கில், இவர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. நடுவில் என்ன மாறிற்று? 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அங்கன்வாடிச் சோற்றைக் குழந்தையின் உரிமையாக்கிவிட்டது. சோறு சட்டக் கடமை ஆனதால் சோறு போடுகிறவளும் ஓரளவுக்கு ஊழியர் ஆகிவிட்டாள். இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. ‘முயலும்’ என்ற சொல்லை மாற்றினால் ‘மதிப்பூதியம்’ என்ற சொல்லும் ஆட்டம் காணும். இரண்டும் ஒரே பொய்யின் இரண்டு பக்கங்கள்.

சோற்றை நான் ஏளனம் செய்யவில்லை. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டதும், காமராஜ் அதை மாநிலமெங்கும் கொண்டுபோனதும், 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். இரண்டு வயதுக் குழந்தைகளையும் பந்தியில் உட்கார வைத்ததும் இந்த மாகாணத்தின் சரித்திரத்தில் வெட்கப்பட வேண்டியவை அல்ல. 1982இல் வெட்கப்பட வேண்டியவர்கள், வயிறு நிறைந்தவர்களாக இருந்துகொண்டு அதைப் பிச்சை என்று எழுதிய படித்த வர்க்கத்தார்தான். என் புகார் வேறு. நம் அரசாங்கங்கள் குழந்தையை வயிறாகக் கண்டுபிடித்தன. அதற்கு மேல் கண்டுபிடிக்க மெனக்கெடவில்லை. 1980இல் உலக வங்கிக் கடனுடன் வந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை தளர்ந்தால் உணவு, தேறினால் நிறுத்தம். கணக்குக்கு இது திறமையான ஏற்பாடு. தராசிலிருந்து இறங்கிய குழந்தை அன்று முழுவதும் யாரோடு இருந்தது என்பது தராசின் கேள்வி அல்ல.

அதுதான் கேள்வி. யாரோடு இருக்கிறது?

ஜாம்பஜாரில் மீன் விற்கிறவள், மேன்ஷன்களில் கூட்டித் துடைக்கிறவள், பெரிய தெருவின் மாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள்: இவர்கள் வேலைக்குப் போகிற நேரத்தில் எந்தக் குழந்தைகள் மையமும் திறந்திருப்பதில்லை. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அந்த மையம் கொடுப்பது வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு மாவுப் பொட்டலம். உட்கார இடம் இல்லை. 2021இல் தமிழக அரசு தன் பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பைப் பன்னிரண்டு மாதமாக்கியது. சரியான காரியம். ஒரு குழந்தைக்கு ஒரு வருஷமாவது தாய் அருகில் வேண்டும் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. 2017இல் மத்திய அரசு நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு 26 வாரம் என்று உயர்த்தியது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் இருக்கிற இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. மீன்கூடையிடம் ஐம்பது ஊழியர்கள் இல்லை. அவளுக்கு முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தவணைகளில் வருகிற உதவி மொத்தம் 18,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அதை அரசு ஊழியரின் ஒரு வருஷச் சம்பளத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

இதோடு முடியவில்லை. 2000த்திலிருந்து இந்த நகரத்தின் குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் வண்டியில் ஏற்றி அனுப்பி வருகிறார்கள். வீடு அங்கே போயிற்று, வேலை இங்கேயே நின்றது. விடியுமுன் பஸ் ஏறுகிற தாய்க்கு, முன்பு குப்பத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட கிழவியும் பக்கத்து வீட்டுக்காரியும் இப்போது வேறு வேறு மாடிகளில், வேறு வேறு பிளாக்குகளில். அரசாங்கம் ஒரு பைசா செலவு செய்யாமல் ஏழைகள் தமக்குள் நடத்திவந்த குழந்தைக் காப்பகத்தை அரசாங்கமே இடித்தது. இடித்ததன் கணக்கு எந்த மானியக் கோரிக்கையிலும் வராது.

இனி நம் பக்கம். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். தீர்வை பாக்கிக்காகப் பெயர்த்துச் செல்லப்பட்ட கதவைக் குறியீடு என்று விவாதித்திருக்கிறோம். அந்தக் கதையில் தாய் வேலைக்குப் போகிறாள்; கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது அக்காள், அவளும் ஒரு குழந்தை. கதவில்லாத வீட்டின் குளிரில் கைக்குழந்தை இறந்துபோகிறது. அந்த அக்காள்தான் இந்த தேசத்தின் மிகப் பெரிய குழந்தைக் காப்பகத் திட்டம். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதால் சிறுமிகள் பள்ளிக்கு வர முடிவதில்லை, ஆகவே காப்பகங்கள் வேண்டும் என்று 1986ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையே எழுதிவைத்திருக்கிறது. ராஜநாராயணனின் கதை அதை முன்பே சொல்லிவிட்டது. நம் விமர்சனம் கதவைப் பார்த்தது; லட்சுமியைப் பார்க்கவில்லை.

குழந்தையை அரசின் கையில் கொடுப்பது அபாயம் இல்லையா, ஸ்தாபனம் தன் அச்சில் வார்த்துவிடாதா என்று ஒரு நவீனத்துவ நண்பர் கேட்கலாம். ஸ்தாபனத்தைப் பற்றிய பயம் எனக்கும் உண்டு. ஆனால் அதைச் சொல்கிற வீட்டில் பாட்டியோ, சம்பளத்துக்கு ஓர் ஆயாவோ இருப்பதை நான் பார்க்கிறேன். அந்த ஆயாவின் குழந்தை யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு இந்தத் தத்துவத்தில் பதில் இல்லை. தாயின் அரவணைப்பு குலைந்துவிடும் என்பவர்களுக்கும் இதேதான்: குலைவதற்கு அவளுக்கு அந்த நேரம் முதலில் இருந்திருக்க வேண்டும்.

அச்சில் வார்ப்பது பற்றிக் கவலைப்படுவதானால் அங்கன்வாடியை அல்ல, தெருவின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமாபுரியின் ஸான் லொரென்ஸோ பகுதியில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். வேலைக்குப் போன பெற்றோரின் பிள்ளைகள் குடியிருப்புச் சுவர்களைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டடக்காரர்கள் கொடுத்த இடம் அது. 1939 நவம்பரில் அதே அம்மையார் நம் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, கூரைக் கொட்டகைகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்காகப் பிறந்த அந்த முறை, அடையாற்றிலிருந்து திருவல்லிக்கேணிக்கு வருவதற்குள் கட்டண ரசீதும் கழுத்துப் பட்டையும் இங்கிலீஷ் எழுத்துமாக மாறிவிட்டது. விளையாட்டு போயிற்று, பெயர் நின்றது.

அரசாங்கம் பார்த்துக் காப்பியடிப்பதும் இந்தப் பலகையைத்தான். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. அதற்கென்று ஆசிரியர்களைப் பணியமர்த்தவில்லை. பெரிய வகுப்பு ஆசிரியர்களை இழுத்து வந்தார்கள். 2022 ஜூனில் அவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு, வகுப்புகள் இல்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் உண்டு என்றார்கள். சமூக நலத்துறைக்கும் கல்வித்துறைக்கும் நடுவில் மூன்று வயதுக் குழந்தை ஒரு கோப்பைப் போல அங்குமிங்கும் போயிற்று. அது சட்டப்படி யாருக்கும் கடமையில்லை என்பதால்தான் இந்தச் சுலபம். இரண்டாம் வகுப்பை எந்த அமைச்சரும் இப்படி ஒரு வாரத்தில் மூடித் திறக்க முடியாது.

ஆகவே என் தரப்பு சுருக்கமானது. பிறந்ததிலிருந்து ஆறு வயதுவரைக்கும் சட்டம் ‘அளிக்கும்’ என்று சொல்ல வேண்டும். மையங்கள் தாயின் வேலைநேரத்துக்குத் திறந்திருக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் அங்கே தொட்டில் வேண்டும். அங்கே இருப்பவளுக்கு ஆசிரியர் என்ற பெயரும், அடைமொழியில்லாத சம்பளமும் வேண்டும். மூன்று வயதில் பென்சில் வேண்டாம். இதற்குப் பணம் எங்கே என்பார்கள். 1982லும் அதையேதான் கேட்டார்கள், பணம் வந்தது.

எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது ஊர்வலத்துக்கு ஆள் அல்ல. குழந்தைகளைப் பற்றி மென்மையாக இன்னும் நாற்பது கவிதை எழுத வேண்டும் என்பதும் அல்ல, அவை போதும். ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் நழுவுகிறது என்று காட்டத் தெரிந்தவர்கள் இந்த மொழியில் சில நூறு பேர்தான். அவர்கள் சட்டப் புத்தகத்தையும் மானியக் கோரிக்கையையும் ஒருமுறை விமர்சகனின் கண்ணோடு படித்து, படித்ததை எழுத வேண்டும். ‘முயலும்’ என்பது எதிர்கால வினைமுற்று. 1950லிருந்து அது எதிர்காலத்திலேயே இருக்கிறது.