விழுந்த பிள்ளை வாய் திறக்க வேண்டும்

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு குறிப்பிட்ட வகை நோயாளிகள் வரத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் பள்ளியின் மேல் வகுப்புகளிலோ கல்லூரியிலோ படிக்கும் இளைஞர்கள். முழங்கையிலும் முழங்காலிலும் செம்மண் ஒட்டிய சிராய்ப்பு இருக்கும். ஒரு கையை மறு கை தாங்கிப் பிடித்திருக்கும். உடன் இரண்டு மூன்று நண்பர்கள் வந்திருப்பார்கள்; பெற்றோர் வந்திருக்க மாட்டார்கள். என்ன நடந்தது என்று கேட்டால் நண்பர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதன் பிறகே பதில் வரும். மலைச்சரிவில் சைக்கிளில் வேகமாக இறங்கும்போது விழுந்தவர்கள் இவர்கள்.

மலையடிவாரத்தில் உள்ள மருத்துவமனை என்பதால் இக்காட்சி எங்களுக்குப் புதிதன்று. சைக்கிள்களைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி மேலே கொண்டுசென்று, எஸ்டேட் மண்பாதைகள் வழியாக இறங்குவது இப்பகுதி இளைஞர்களின் விடுமுறைப் பொழுதுபோக்காகிவிட்டது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றியும், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளைப் பற்றியும் அவர்கள் பேசுவதைக் கேட்டால், நம் தலைமுறையினர் திரைப்படங்களைப் பற்றிப் பேசியது நினைவுக்கு வரும். இவ்விளையாட்டைத் தடைசெய்ய வேண்டும் என்று வாதிடுவதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. மருத்துவர்களாகிய எங்களையும் உள்ளடக்கி, பெரியவர்கள் இதை அணுகும் முறை மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

முதலில் இவ்விளையாட்டின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்னும் மலைப்பாங்கான மாவட்டம் உள்ளது. 1976ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அங்குள்ள ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே சில நண்பர்கள் சேர்ந்து, மலையிலிருந்து இறங்கும் மண்சாலை ஒன்றில் சைக்கிள் பந்தயம் நடத்தினார்கள். அவர்கள் ஓட்டியவை 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட, பருத்த டயர் கொண்ட கனமான பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் அச்சுக்குள் இயங்கும் பிரேக்தான் அவற்றில் இருந்தது. ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தை மூன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இறங்கி முடிப்பதற்குள் அந்தப் பிரேக் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து எரிந்துபோகும். ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் கிரீஸை மீண்டும் நிரப்ப வேண்டியிருந்தது. மீண்டும் நிரப்புதல் என்ற பொருளிலேயே அச்சாலைக்கு ‘ரீபேக்’ என்ற பெயர் நிலைத்தது.

கிரீஸ் ஏன் எரிந்தது என்பதை ஓர் எளிய கணக்கு விளக்கும். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ எடை என்று கொள்வோம். 400 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து ஏறக்குறைய கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் மண்ணும் வாங்கிக்கொள்ளும். எஞ்சியது முழுவதையும் பிரேக் வாங்க வேண்டும். பிரேக் வாங்காததை ஓட்டுபவரின் உடல் வாங்கும்.

அந்த நண்பர்களும் தங்கள் சைக்கிள்களை மாற்றியமைத்தவர்களே. கேரி ஃபிஷர் என்பவர் பழைய சைக்கிளில் கியர்களையும், இரு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்குகளையும், மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளையும் பொருத்தினார். ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் இதற்கென்றே புதிய சட்டத்தை வடிவமைத்துக் கட்டினார். மலைச் சைக்கிள் என்று இன்று உலகெங்கும் விற்கப்படுவது அந்த நண்பர்கள் தங்கள் கொட்டகைகளில் செய்த மாற்றங்களின் வழித்தோன்றலே. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிகளில் மலைச் சைக்கிள் பந்தயமும் இடம்பெற்றது. ஆகவே, “சைக்கிளைப் பிரித்து மேய்கிறான்” என்று வீட்டுப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதற்கு முன் ஒரு கணம் நிதானிக்க வேண்டும். மாற்றியமைப்பது குற்றமன்று. எதை மாற்றுகிறார்கள் என்பதே கேள்வி.

மரின் நண்பர்கள் முதலில் வலுப்படுத்தியவற்றுள் ஒன்று பிரேக். எங்களிடம் வரும் பிள்ளைகள் பலர் முதலில் கழற்றிவிடுவதும் பிரேக்தான். அதுவும் முன்சக்கரப் பிரேக். ஏன் என்று கேட்டிருக்கிறோம். “முன் பிரேக் பிடிச்சா தலைகுப்புற விழுவோம் சார்” என்கிறார்கள். இது திமிரால் செய்வதன்று, அச்சத்தால் செய்வது. ஆனால் அச்சம் இங்கே தவறான வழியைக் காட்டுகிறது. சரிவில் பிரேக் பிடிக்கும்போது உடலின் எடை முன்னோக்கிச் சாய்வதால், முன்சக்கரமே தரையை அழுத்திப் பிடிக்கிறது. நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு அதனிடமே உள்ளது. பின்சக்கரமோ எடையிழந்து எளிதில் வழுக்குகிறது. உடலைப் பின்னுக்குத் தாழ்த்தி, இரு பிரேக்குகளையும் சிறிது சிறிதாகப் பிடிக்கப் பழகுவதே தலைகுப்புற விழாமல் இருப்பதற்கான வழி. வேகம் இரு மடங்கானால் நிறுத்தத் தேவையான தொலைவு நான்கு மடங்காகும் என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வேறு சில மாற்றங்களும் எங்கள் கவனத்துக்கு வந்துள்ளன. டிஸ்க் பிரேக் கிறீச்சிடுகிறது என்று அதில் எண்ணெய் விடுகிறார்கள். சத்தம் நின்றுவிடும்; பிரேக்கும் நின்றுவிடும். முன் ஃபோர்க்கை வெல்டிங் கடையில் நீட்டி ஒட்டுகிறார்கள். மெல்லிய குழாயில் போட்ட அந்த ஒட்டு, பள்ளத்தில் விழும் ஓர் அடியில் பிளந்துகொள்ளலாம். ஹேண்டில்பாரை அறுத்துக் குறுக்கிவிட்டு, அதன் முனையில் அடைப்பானைப் பொருத்தாமல் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கடைசி மாற்றம் மிக அற்பமாகத் தோன்றும். எங்களுக்கு அது அற்பமன்று. அதற்கான காரணம் ஒரு மாணவன். அவனுடைய குடும்பத்தாரின் ஒப்புதலோடு, அடையாளங்களைத் தவிர்த்து அதைச் சொல்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, காறை எலும்பு முறிந்த ஓர் இளைஞனை அவனுடைய நண்பன் அழைத்துவந்தான். அன்று எங்கள் பிரிவில் கூட்டம் அதிகம். சைக்கிளில் முன் பிரேக் இல்லை என்பதை அறிந்ததும், பலர் முன்னிலையில், அப்போதுதான் ஓடிவந்திருந்த பெற்றோரின் எதிரிலேயே அவனை உரத்த குரலில் கடிந்துகொண்டோம். சொன்ன சொற்களில் பிழையில்லை என்றே அப்போது நினைத்தோம். மறுநாளே அந்தச் சைக்கிளை அவனுடைய தந்தை விற்றுவிட்டார் என்று பின்னர் அறிந்தோம். நல்லதே நடந்தது என்று மனநிறைவும் கொண்டோம்.

சில வாரங்கள் கழித்து, அன்று அழைத்துவந்த அதே நண்பன் வயிற்று வலியோடு தன் தாயுடன் வந்தான். “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார், அதுக்கப்புறம் லேசா வலிக்குது” என்றான். வலி தொடங்கி ஒரு நாள் கடந்திருந்தது. சிறிது காய்ச்சலும் இருந்தது. குடல்வாலாக இருக்குமோ, உணவு ஒவ்வாமையாக இருக்குமோ என்று எண்ணிச் சில மணி நேரத்தைச் செலவிட்டோம். மீண்டும் சோதித்தபோதுதான் தொப்புளுக்கு மேலே, ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில், வட்டமாக ஒரு கன்றிய தடத்தைக் கண்டோம். ஹேண்டில்பாரின் திறந்த குழாய் முனை பதித்த தடம் அது. தாயை வெளியே அமரச் சொல்லிவிட்டு அவனிடம் மெதுவாகக் கேட்டோம். “அன்னைக்கு நீங்க அவனைத் திட்டினப்போ நான்தான் சார் பக்கத்துல நின்னேன்” என்றான்.

அவனுடைய சிறுகுடல் கிழிந்திருந்தது. அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றுக்குள் நஞ்சு பரவியிருந்ததால் மூன்று வாரங்கள் மருத்துவமனையில் இருந்தான். இன்று நலமாக இருக்கிறான். ஆயினும் இழந்த அந்த மணி நேரங்களுக்கு அவனது பொய் மட்டுமே காரணம் என்று எங்களால் சொல்ல முடியாது. அந்தப் பொய்யை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்களே.

மருத்துவத்தில் நோயாளியின் வாய்மொழிக்கு நிகரான கருவி வேறில்லை. ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தினால் வெளியே ஒரு சிறு தடம் மட்டுமே தெரியக்கூடும். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கணையமோ குடலோ காயப்பட்டிருக்கும். அறிகுறிகள் வெளிப்படப் பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். எப்படி விழுந்தான், எது குத்தியது என்ற செய்தி கிடைத்தால், எதைத் தேட வேண்டும் என்று முதல் நிமிடத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். தலையில் அடிபட்டுச் சில நொடிகள் நினைவு தப்பியதும் அப்படியே. விழுந்தவனுக்கு அது நினைவில் இருக்காது. உடனிருந்த நண்பனால் மட்டுமே சொல்ல முடியும். கையை ஊன்றி விழுந்தவனுக்குக் கட்டைவிரலின் அடிப்பக்கம் வலித்தால், அங்குள்ள சிறிய எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். பத்து, பதினான்கு நாட்கள் கழித்து மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டிவரும். சுளுக்கு என்று மறைத்துவிட்டால் அந்த எலும்பு கூடாமலேயே போகும் அபாயம் உண்டு.

எனவே பெற்றோர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது: பிள்ளை விழுந்துவிட்டான் என்று தெரிந்த முதல் ஒரு மணி நேரம் கோபத்தை ஒத்திவையுங்கள். கண்டிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதைக் காயம் ஆறிய பிறகும் செய்யலாம். “உண்மையைச் சொன்னால் சைக்கிளை விற்றுவிடுவேன்” என்ற அச்சம் வீட்டில் நிலவினால், அடுத்த காயம் உங்கள் காதுக்கு வராது. சைக்கிளை விற்பதைவிட, ஒரு மாலை அவனோடு அமர்ந்து இரு பிரேக்குகளையும், ஹேண்டில்பாரின் இரு முனைகளையும் பார்ப்பது மேல். தரமான தலைக்கவசம் ஒன்றை வாங்கிக்கொடுங்கள். பலமான அடி ஒன்று பட்டபின் அதன் உள்நுரை நசுங்கியிருக்கும்; வெளியே நன்றாகத் தெரிந்தாலும் புதியது வாங்குவதே சரி.

நண்பர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. தம்பிகளே, விழுந்தவனின் முதல் மருத்துவர் நீங்கள்தான். கழுத்திலோ முதுகிலோ வலி என்றால் அவனைத் தூக்கி நிறுத்தாதீர்கள். அசைக்காமல் 108ஐ அழையுங்கள். வயிற்றில் அடிபட்டிருந்தால் சோடாவும் தண்ணீரும் கொடுக்காதீர்கள். காயத்தில் காப்பித்தூளோ மஞ்சளோ வைக்காமல், ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவுங்கள். தலையில் அடிபட்டவன் “ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் அன்று மீண்டும் சைக்கிளில் ஏறவிடாதீர்கள். இரவில் அவன் தனியாக இராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வாந்தி, மயக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி இவற்றில் எது வந்தாலும் உடனே அழைத்துவாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவனைக் காட்டிக்கொடுப்பதாக எண்ண வேண்டாம்.

எங்கள் பிரிவிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். விழுந்து வரும் இளைஞர்களிடம் முதல் கேள்விகளைத் தனியாக, தாழ்ந்த குரலில் கேட்கிறோம். பிரேக் இருந்ததா என்று கேட்கும்போது, அது சிகிச்சைக்காகக் கேட்கும் கேள்வி என்பதையும் சொல்லிவிடுகிறோம். அறிவுரை, வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான்.

குடல் கிழிந்து பிழைத்த அம்மாணவன் சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தான். இப்போதும் சைக்கிள் ஓட்டுகிறாயா என்று கேட்டோம். தந்தையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஓட்டுறேன் சார், ரெண்டு பிரேக்கும் இருக்கு” என்றான். தந்தை தம் சட்டைப் பையிலிருந்து ரப்பர் அடைப்பான் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஹேண்டில்பார் முனைக்கு உரியது. வழியில் கழன்று விழுந்தால் மாற்றிப் போடுவதற்காக, இன்னொன்றை எப்போதும் கையில் வைத்திருப்பதாகச் சொன்னார்.