உமிக்கரியைக் குழைக்காதீர்கள்

வீட்டிலேயே பேஸ்ட் செய்யும் முறை என்று வாட்ஸப்பில் வாரம் ஒன்று வருகிறது. தேங்காய் எண்ணெய், சமையல் சோடா, உமிக்கரி; குழைத்துப் புட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் வருமாம். எழுதியவர் ஒரு சித்திரை மாதம் தஞ்சாவூரில் இருந்து பார்க்கட்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகிவிடும். குளிர்நாட்டில் அது வெண்ணெய் போல இறுகி நிற்கும். இங்கே மார்கழி விடியற்காலையைத் தவிர மற்ற நாளெல்லாம் எண்ணெய் மேலே, கரி கீழே.

எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் விடலாம் என்பார்கள். தண்ணீர் சேர்ந்தால் பூஞ்சை வரும். கடை பேஸ்ட் காயாமலிருக்கக் கிளிசரினோ சார்பிட்டாலோ, பிரியாமலிருக்கப் பிசின், கெடாமலிருக்க ஒரு மருந்து என்று சேர்க்கிறார்கள். பிசினை முதலில் கிளிசரினில் கலந்து பிறகே தண்ணீர் விடவேண்டும். நேரே தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும். இத்தனையும் வாங்கிச் சேர்த்தபின் அதில் 'இயற்கை' எவ்வளவு மிச்சம்?

நம் டெல்டாக்காரர்கள் உமிக்கரியைப் பொடியாகவே வைத்திருந்தார்கள். உலர்ந்த பொருள் கெடாது. தேவைப்பட்டபோது ஒரு சிட்டிகை போதும். காரைக்காலில் நான் படித்த பிரெஞ்சில் பேஸ்ட், பொடி இரண்டுக்கும் 'தான்த்திஃப்ரீஸ்' என்றே பெயர். லத்தீன் மூலத்தில் அதற்குப் பல் தேய்ப்பது என்றுதான் அர்த்தம், குழைப்பது என்றல்ல.

அதற்காக உமிக்கரியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. தினமும் அழுத்தித் தேய்த்தால் எனாமல் தேயும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அரிசி ஆலைக் கொதிகலன் சாம்பலைத் தொடவே வேண்டாம். கடும் சூட்டில் சிலிக்கா படிகமாகி இன்னும் கடினமாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு உமிக்கரியில் கிடையாது. கறுப்பு டியூபில் விற்கும் கரி பேஸ்ட்டாக இருந்தாலும், அதில் ஃப்ளூரைடு இருக்கிறதா என்று பின்பக்கம் படித்துப் பார்த்துதான் வாங்கவேண்டும்.

பெரியவர்கள் தங்கள் பல்லில் என்ன பரிசோதனை வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். பேரப்பிள்ளைகளின் பல்லில் செய்ய நமக்கு உரிமையில்லை. மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு ஃப்ளூரைடு பேஸ்ட், காலையும் இரவும். துப்பக் கற்றுக்கொடுங்கள். பாரம்பரியத்தை அவர்களுக்குக் கதையாகச் சொன்னால் போதும்.