கம்பம் வரை வந்த கம்பி

“உங்க அட்ரஸுக்கு ஃபீசிபிலிட்டி காட்டலை சார்.”

இந்த மாதத்தில் இதை மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். மூன்று கம்பெனி, மூன்று குரல், பதில் மட்டும் ஒன்றே. எங்கள் கட்டடம் இருப்பது கோட்டூர்புரத்தில், அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நடந்தே போய்விடலாம். என் மேசைக்கு எதிர் ஜன்னலைத் திறந்தால் தெருவிளக்குக் கம்பம். அதில் கறுப்பு கேபிள்கள் ஏழெட்டு சுருண்டு தொங்குகின்றன. என்னை வேண்டாமென்ற கம்பெனியின் பட்டை கட்டிய கேபிளும் அவற்றில் ஒன்று. கம்பத்துக்கும் ஜன்னலுக்கும் முப்பது அடிகூட இருக்காது. அந்த முப்பது அடியைத்தான் ஃபீசிபிலிட்டி இல்லை என்கிறார்கள்.

எங்களுடையது பன்னிரண்டு வீடுகள் கொண்ட பழைய கட்டடம். லிஃப்ட் கிடையாது. உள்ளே வந்திருப்பது ஒரே கம்பெனியின் இன்டர்நெட். போன மழையில் அது நான்கு நாள் நின்றுபோயிற்று. ரூட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. போன் செய்தால் “ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்” என்பார்கள். கீழ்வீட்டில் ஒரு பெண் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்த நான்கு நாளும் அக்கா வீட்டுக்குப் போய் வந்தார். எங்களுக்குப் போக வேறு இடமில்லை என்று கம்பெனிக்குத் தெரியும். அது தெரிந்தவர்கள் நிதானமாகத்தான் வருவார்கள். விலையும் அப்படித்தான். புதுப்பிக்கும்போதெல்லாம் கொஞ்சம் ஏறும், கேட்டால் பிளான் மாறிவிட்டது என்பார்கள்.

போட்டி வந்தால் விலை இறங்கும் என்பதை நாம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். ஜியோஃபைபர் 2019 செப்டம்பரில் வந்தபோது அதன் மலிவான பிளான் 699 ரூபாய். மறு வருடம் செப்டம்பரிலேயே 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் என்று இறங்கியது. அடுத்த மாதமே பிஎஸ்என்எல் 449 ரூபாய்க்கு ஃபைபர் கொடுத்தது. ஊரெல்லாம் இறங்கிய அந்த விலை எங்கள் படியேறி வரவில்லை. இன்னொரு கம்பெனியின் கேபிள் வாசலைத் தாண்டியிருந்தால்தானே வரும்?

அந்த மழையில் இன்டர்நெட் நின்ற நான்காம் நாள் லைன்மேன் தம்பி வந்தார். இருபத்திரண்டு வயது இருக்கலாம். மாடிப்படித் திருப்பத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டிபன் டப்பா அளவுள்ள ஸ்ப்ளைசிங் மெஷினை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். கேபிளின் கறுப்புத் தோலை உரித்தார். உள்ளே இருந்த இழையின் பூச்சையும் வழித்தெடுத்து, ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவால் துடைத்து, ஓர் அழுத்தில் நறுக்கினார். தலைமுடி தடிமன்தான் இருக்கும் அந்தக் கண்ணாடி இழை. நறுக்கி விழுந்த துணுக்கைச் சட்டென்று ஒரு பிளாஸ்டர்த் துண்டில் ஒற்றி எடுத்தார். “கால்ல ஏறிச்சுன்னா கண்ணுக்கே தெரியாது சார்” என்றார். மெஷினின் குட்டித் திரையில் இரண்டு முனைகளும் இரண்டு வெள்ளைக் கோலாகத் தெரிந்து, மெல்ல நகர்ந்து, நேருக்கு நேர் நின்றன. ஒரு பொறி. இரண்டும் ஒன்றாகிவிட்டன. மீட்டரை மாட்டிப் பார்த்து “மைனஸ் இருபத்திரண்டு, பவர் நல்லா வருது” என்றார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மற்ற கம்பெனிகள் ஏன் வரமாட்டேன் என்கின்றன என்று அவரிடமே கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: “கம்பத்துல பாக்ஸ் இருக்கு சார். ஆனா பன்னெண்டு வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காங்க. புதுசா வர்றவங்களுக்கு மூணு வீடு கிடைச்சா பெருசு. அதுக்கு கேபிள் இழுத்து, உங்க செக்ரட்டரி கிட்ட பர்மிஷன் வாங்கி, சுவத்துல ஓட்டை போட்டு… கட்டுப்படி ஆகாது.” இருநூறு வீடுள்ள அடுக்குமாடிக்கு நான்கு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வருவார்களாம். பன்னிரண்டு வீட்டுக் கட்டடமும் தனி வீடும் அடையாற்றோர அரசு வாரியக் குடியிருப்பும் அவர்கள் கணக்கில் கடைசி.

இத்தனைக்கும் இன்டர்நெட் இந்தியாவுக்குள் வந்து கரையேறும் வாசல்களில் ஒன்று சென்னை. சிங்கப்பூரிலிருந்து கடலடியில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் கேபிள் 2002-ல் இங்கே வந்து சேர்ந்தது. 2004-ல் இன்னொன்று. 2005-ல் ஐரோப்பாவரை நீளும் சீ-மீ-வீ 4. அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் கடலடி வழியே இன்டர்நெட் போனதும் சென்னையிலிருந்துதான். மூவாயிரம் கிலோமீட்டர் கடலைக் கடந்து வந்தது, எங்கள் தெருவிளக்குக் கம்பத்தில் வந்து நின்றுவிட்டது.

சர்தார் பட்டேல் சாலையைத் தாண்டினால் ஐஐடி. இந்தக் கடைசித் துண்டுக் கம்பியைப் பற்றி அங்கே 1990-களிலேயே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவரது டெநெட் குழுவும் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் அந்த யோசனையில் பிறந்ததுதான். வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுப்பதால்தான் செலவு எகிறுகிறது, அந்தத் துண்டை மட்டும் காற்றில் அனுப்பினால் என்ன என்று கேட்டார்கள். போனும் பேசலாம், கூடவே 35 கேபிபிஎஸ் வேகத்தில் இன்டர்நெட்டும் பார்க்கலாம். மதுரைப் பக்கம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் அதை வைத்து 2001 வாக்கில் கியாஸ்க்குகள் நடந்தன. பிறகு செல்போன் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஆனால் அன்று அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஒரு சாதாரணக் குடும்பம் மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதில் தொடங்கி, அதற்கேற்ற தொழில்நுட்பத்தைத் தேடினார்கள். இன்றைக்கு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிற கம்பெனி எது?

என் தலைமுறைக்கு இந்தக் கணக்குகள் மறக்காது. அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது முதல் ஊர்களில் சென்னையும் இருந்தது. வேகம் 9.6 கேபிபிஎஸ், ஆண்டுக் கட்டணமோ ஆயிரக்கணக்கில். பிஎஸ்என்எல் 2005-ல் பிராட்பேண்ட் தொடங்கிய பின்னால் மாதம் 500 ரூபாய் பிளான் ஒன்று வந்தது. இரவு 2 மணி முதல் காலை 8 வரை எவ்வளவு டவுன்லோட் செய்தாலும் காசில்லை. அலாரம் வைத்து எழுந்து, கம்ப்யூட்டரை ஓடவிட்டு, மறுபடி படுத்த வீடுகள் இந்தப் பேட்டையிலேயே எத்தனையோ. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்று கொள்ளை மலிவு என்பார்கள். எனக்கு மலிவு, ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் சமையலுக்கு வரும் அம்மா, அடையாற்றை ஒட்டிய வாரியக் குடியிருப்பில் இருக்கிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வீடுகள் அவை. மகன் பாலிடெக்னிக், மகள் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். வீட்டில் மூன்று போன். ஒவ்வொன்றுக்கும் மாதம் முந்நூறு ரூபாய்க்குப் பக்கமாக ரீசார்ஜ். ஆக, தொள்ளாயிரம். மகள் ஒரு வகுப்பைப் பார்த்து முடிப்பதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும், பிறகு அம்மாவின் போன். ஃபைபர் போட்டால் 399-தானே என்று ஒருநாள் அவருடன் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 471. போன்களை வெறும் பேச்சுக்கு மட்டும் ரீசார்ஜ் செய்துகொள்ளலாம். அப்படி ஒரு பேக் இருந்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் உத்தரவு போட்டிருக்கிறது. கணக்கு சரியாகத்தான் வந்தது. விசாரித்ததில், இன்ஸ்டாலேஷன் இலவசம் வேண்டுமென்றால் ஆறு மாதம் மொத்தமாகக் கட்டவேண்டுமாம், 2,800 ரூபாய்க்கு மேல்.

“மாசா மாசம்னா கட்டிடுவேன் சார். ஆறு மாசத்த ஒண்ணா கேட்டா நான் எங்க போவேன்?” என்றார்.

கையில் மொத்தமாகப் பணம் இருப்பவருக்கு 471-க்கு வீடு முழுக்க இன்டர்நெட், இல்லாதவருக்கு 900 கொடுத்தும் நாளுக்கு இவ்வளவுதான் என்று அளந்த டேட்டா. இதை எண்ணி எண்ணி எனக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது. கேரளத்தில் 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் என்ற அரசுத் திட்டம், இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இன்டர்நெட்டை இலவசமாகக் கொடுப்பதை இலக்காக வைத்தது. நம் மாநிலத்தில் டான்ஃபினெட் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் அது கிராமத்துக்கானது. ஊராட்சியும் இல்லாமல், கம்பெனியின் கண்ணிலும் படாமல் நகரத்துக்கு நடுவே இருக்கும் வாரியக் குடியிருப்பு யார் கணக்கில் வருகிறது? 2020 டிசம்பரில் வந்த பிஎம்-வாணி திட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர்கூட வைஃபை விற்கலாம். அவரிடம் கம்பெனிகள் அலுவலக ரேட்டு கேட்டதால் அது நொண்டியது. வீட்டு இணைப்பின் விலைக்கு இரண்டு மடங்குக்கு மேல் அவரிடம் வாங்கக்கூடாது என்று 2025 ஜூனில்தான் ட்ராய் வரம்பு கட்டியது. ஆற்றோரத்தில் டீக்கடைகளுக்குக் குறைவில்லை. அதை யாராவது எடுத்துச் செய்தால், தேர்வுக்குப் படிக்கும் அந்த மகளுக்கு அம்மாவின் போன் தேவைப்படாது.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. பிராட்பேண்ட் பழுது மூன்று வேலை நாளைத் தாண்டினால் வாடகையில் கழிவு தரவேண்டும் என்று 2006-லேயே ட்ராய் விதி போட்டது. கேட்டால்தான் கிடைக்கும், அதனால் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். கம்பெனிமேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எங்கள் கட்டட விஷயத்துக்கு வருகிறேன். கட்டடத்துக்குள் எல்லாக் கம்பெனிக்கும் பாகுபாடில்லாமல் வழிவிடவேண்டும், ஒருவருக்கே எழுதிக் கொடுக்கக்கூடாது என்று 2017 ஜனவரியிலேயே ட்ராய் பரிந்துரைத்தது. செக்ரட்டரியிடம் சொன்னேன். “ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே, இன்னொருத்தர் வந்து சுவரெல்லாம் ஓட்டை போடணுமா?” என்றார். அவர் கவலையில் நியாயமில்லாமல் இல்லை. கடைசியாக பெயின்ட் அடித்ததற்கு வீட்டுக்கு வீடு பணம் வசூலித்து அலைந்தவர் அவர்தான்.

அதனால் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து காட்டினேன். மொட்டைமாடியிலிருந்து கீழ்த்தளம்வரை ஒரே ஒரு ஒன்றரை அங்குல பிவிசி பைப், மாடிக்கு மாடி ஒரு பெட்டி. வருகிற கம்பெனி எதுவானாலும் அதற்குள் விட்டு எடுத்துக்கொள்ளட்டும், சுவரைத் தொடவேண்டாம். ஒன்பதாயிரம் ஆகும் என்றார். வீட்டுக்கு 750 ரூபாய். ஏழு வீடுகள் சரி சொல்லிவிட்டன. கீழ்வீட்டுப் பெண் அன்றைக்கே ஜிபே பண்ணிவிட்டார். செக்ரட்டரி வீட்டையும் சேர்த்து இன்னும் ஐந்து பாக்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் படியேறிப் போய்க் கேட்கவேண்டும்.