பயிற்சிக் காலம் வீண் காலமா?

சென்ற மாதம் சம்பள நாளன்று, காரியாலய வாசலில் கூட்டம் கலைந்த பிறகும் ஓர் அம்மையார் மட்டும் போகாமல் நின்றிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பால் வெட்டி வருபவர். மகன் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு வேதியியல் படிக்கிறான். அவர் கையில் ஒரு கடிதம். வாங்கிப் படித்துச் சொன்னோம். மகன் அடுத்த பருவத்தில் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து பயிற்சிப் பணி செய்ய வேண்டும். இடத்தை அவனே தேடிக்கொள்ள வேண்டும். நிறுவனத்தார் படி கொடுத்தாலும் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம்.

"ஏன் கிராணித் தம்பி, மூணு வருஷம் படிச்சது பத்தாதா? இப்போ மாசக்கணக்கா சம்பளமில்லாம வேலை செய்யணுமா? எங்க பாட்டன் அப்படித்தான் செஞ்சாரு. பேரனும் செய்யணுமா?" என்று அந்த அம்மையார் கேட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பவர் தோட்டத்துச் சரித்திரம் அறியாதவர். கூலியின்றி ஒரு நாழிகை உழைத்தாலும் அது பறிபோன வியர்வை என்று நமக்குக் கற்றுக்கொடுத்ததே சங்கம்தான். ஆகவே அந்தத் தாயின் அச்சம் நியாயமானது. ஆயினும் அவர் மகன் அந்தப் பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும் என்பதும் எமது கருத்து. இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும் என்பதையே இங்கு எடுத்துச் சொல்ல முற்படுகிறோம்.

உளி பிடித்துத்தான் பழக வேண்டும்

நம் பிள்ளைகள் இதனைப் 'பிராக்டிக்கல்' என்கிறார்கள். மலாய்க் கடிதங்களில் 'லத்திஹான் இண்டஸ்திரி' என்று வரும். பெயர்தான் புதிது, காரியம் நமக்குப் புதிதன்று. புதிதாகப் பேர் பதிந்த ஆளை முதல் நாளே நல்ல நிரையில் இறக்கிவிடுகிறோமா? தறிக்கப்போகும் கிழ மரங்களில் வெட்டிப் பழகச் சொல்கிறோம். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், மரத்தை ஒட்டி இருக்கின்றன. உளி ஆழம் போதாவிட்டால் பால் குறையும். சற்றே ஆழ்ந்து மரத்தைத் தொட்டுவிட்டால் காயம் பட்டு, அடுத்து வரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்தப் பக்கத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. அந்த நூலிழை அளவை எந்தப் புத்தகமும் கைக்குச் சொல்லித் தராது. கங்காணி பக்கத்தில் நின்று சொல்லலாம். ஆனால் தன் கை தவறி, தானே திருந்தினால்தான் அது வரும்.

கிராணி வேலையும் அப்படித்தான். எமக்குத் தொழில் கற்பித்த பெரிய கிராணியார், செக்ரோல் புத்தகத்தில் மூன்று மாதங்கள் எம்மைப் பேனா எடுக்க விடவில்லை. பென்சிலால்தான் எழுத வேண்டும். நெடுக்குக் கூட்டலும் குறுக்குக் கூட்டலும் ஒத்துவராவிட்டால் அழித்துவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். அன்று மனத்துக்குள் அவரைத் திட்டினோம். ஓர் ஆளின் ஒரு நாள் பேர் விடுபட்டால் அவர் வீட்டில் எத்தனை வேளை உலை ஏறாது என்பதை, அந்தப் பென்சில்தான் எமக்குக் கற்றுக்கொடுத்தது.

பெரிய படிப்புகளிலும் வழி இதுவே. மருத்துவப் பட்டம் பெற்றவர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்து முடித்தாலன்றித் தனியே நின்று வைத்தியம் பார்க்க முடியாது. சட்டம் படித்தவர், நம் நாட்டின் 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி, ஒரு மூத்த வழக்கறிஞரிடம் 9 மாதங்கள் பயில வேண்டும். பொறியியல் மாணவர் பட்டம் பெறுமுன் குறைந்தது 8 வாரங்களாவது தொழிலிடத்தில் இருந்தாக வேண்டும். பொலிடெக்னிக் மாணவருக்கு ஒரு பருவம் முழுவதுமே பயிற்சிதான்.

இம்முறை பல்கலைக்கழகங்களில் எப்படிப் புகுந்தது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பொறியியல் பேராசிரியர், வகுப்பறை மட்டும் ஒரு பொறியாளனை உருவாக்காது என்று வாதாடி, 1906-இல் 27 மாணவர்களைக் கொண்டு ஒரு புது முறையைத் தொடங்கினார். சில காலம் வகுப்பு, சில காலம் பட்டறை என்று மாறி மாறிப் பயின்றார்கள். பட்டறையில் செய்த வேலைக்கு அம்மாணவர்கள் கூலி பெற்றார்கள் என்பதை அன்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி என்றால் இனாமாக உழைப்பது என்னும் விதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

கண்ணில் படாத தொழில்கள்

பயிற்சியால் தொழில் கைவரும் என்பது பாதிப் பயன். தனக்கு ஏற்ற தொழில் எது என்று தெரியவருவது மறுபாதி. நம் பிள்ளைகளுக்கு இந்த மறுபாதியே பெரிது என்போம்.

தோட்டத்தில் பிறந்த பிள்ளை சிறு வயதில் கண்ட உத்தியோகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பால் வெட்டுபவர், கங்காணி, கிராணி, லாரி ஓட்டுபவர், டிரசர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தூரத்தில் நிற்கும் மானேஜர். ஆகவே, "என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டால் மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் என்ற மூன்றுக்கு அப்பால் பிள்ளைக்குப் பதில் வருவதில்லை. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. பாராததை எப்படி விரும்புவது?

நம் கெடா மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகம் 1984-இல் தோன்றியது. 2001-இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இன்று பீடோங்கை அடுத்த செமிலிங்கில் இருக்கிறது. ஜித்ராவிலும் கூலிமிலும் பொலிடெக்னிக்குகள் உள்ளன. 1996-இல் திறக்கப்பெற்ற கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இண்டெல், இன்ஃபினியோன், ஃபர்ஸ்ட் சோலார் முதலிய பன்னாட்டு நிறுவனங்கள் ஆலை வைத்திருக்கின்றன. பாடாங் செராய், லூனாஸ் பக்கத்திலிருந்து ஆலை பஸ் ஏறி நம் பிள்ளைகள் ஆபரேட்டர் வேலைக்குப் போய்வருவது பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆனால் அதே ஆலைக்குள் தரப் பரிசோதனை, இயந்திரப் பராமரிப்பு, கொள்முதல், செலவுக் கணக்கு, தொழிற்பாதுகாப்பு, கழிவு நீர்ச் சுத்திகரிப்பு என்று எத்தனை வகை உத்தியோகங்கள் உள்ளன என்பது, உள்ளே சில மாதங்கள் இருந்து பார்த்த பிள்ளைக்கே தெரியும்.

நாம் அறிந்த ஒரு பெண் கணக்கியல் படித்தாள். தணிக்கையாளர் ஆவதே அவள் எண்ணம். பயிற்சிக்கு ஓர் ஆலையில் இடம் கிடைத்தது. ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு செலவாகிறது, எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையில் அவளை வைத்தார்கள். அதுவே தனக்குப் பிடித்தது என்று கண்டுகொண்டாள். இன்று அத்துறையிலேயே நல்ல நிலையில் இருக்கிறாள். இன்னொரு பையன் மருந்தியல் ஆய்வுக்கூடத்துக்குப் போய், நாள் முழுதும் நான்கு சுவருக்குள் தனியே இருக்கும் வேலை தனக்கு ஒத்துவராது என்று அறிந்து திரும்பினான். மக்களோடு பழகும் விற்பனைத் துறைக்கு மாறினான். பெற்றோர் வருந்தினார்கள். நாமோ இதையும் ஆதாயம் என்றே சொல்வோம். இருபத்திரண்டு வயதில் சில மாதங்களில் தெரிந்த உண்மை, முப்பத்தைந்து வயதில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கும்போது தெரியவந்தால் அதன் விலை என்ன?

எளிதாகக் கிடைப்பது யாருக்கு?

இவ்வளவு நன்மை இருந்தும், இந்த ஏற்பாடு நம் பிள்ளைகள் பலருக்குச் சுமையாக இருப்பது ஏன்?

முதலாவது, இடம் தேடுவது. பட்டணத்து வழக்கறிஞர் மகனுக்குத் தகப்பனார் ஒரு தொலைபேசி அழைப்பில் இடம் பிடித்துவிடுகிறார். பால் வெட்டுபவரின் மகன் முப்பது இடங்களுக்கு எழுதிவிட்டு, ஒரு பதிலும் வராமல் கடைசி வாரத்தில் கிடைத்த இடத்தில் போய் விழுகிறான். பரீட்சையில் இருவரும் ஒரே மதிப்பெண் வாங்கியிருக்கலாம். பயிற்சிக்கு இடம் தேடும் நாளில்தான் யாருடைய தகப்பன் யார் என்ற கேள்வி வருகிறது.

இரண்டாவது, செலவு. அறை வாடகை, முன்பணம், பஸ், மூன்று வேளைச் சாப்பாடு. படி இல்லாத இடமானால் இவ்வளவும் தோட்டத்துச் சம்பளத்திலிருந்தே போக வேண்டும். அடிப்படைச் சம்பளம் 2025-ஆம் ஆண்டு முதல் 1,700 வெள்ளி என்று அரசாங்கம் உயர்த்தியிருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு வரும் மாணவர் தொழிலாளராகக் கொள்ளப்படாததால் அந்தச் சட்டம் அவரைத் தொடுவதில்லை.

மூன்றாவது, வேலையின் தன்மை. எமது உறவுப் பையன் ஒருவன் ஒரு பட்டணத்துக் காரியாலயத்தில் பன்னிரண்டு வாரங்கள் இருந்தான். நகல் எடுத்தான், தேநீர் வாங்கினான், கோப்புகளைத் தூசு தட்டினான். முடிவில் அருமையான நற்சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன கற்றாய் என்று கேட்டால், பையன் தலையைக் குனிந்துகொள்கிறான். இப்படிப்பட்டதைப் பயிற்சி என்று சொல்வது மோசடி. அந்த அம்மையார் அஞ்சியதும் இதைக் குறித்தே.

மாற்று வழி இல்லாமல் இல்லை. இந்தியாவில் 1961-ஆம் ஆண்டிலேயே தொழிற்பயிற்சியாளர் சட்டம் இயற்றி, அதன்கீழ்ப் பயில்வோருக்கு உதவித்தொகை கொடுப்பதைக் கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டில், ஒழுங்குபடுத்திய பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து மாணவருக்கு மாதப் படி கொடுக்கும் நிறுவனத்துக்கு, அச்செலவின் பேரில் இரட்டை வரிக்கழிவு என்ற சலுகை உண்டு. சலுகை முதலாளிக்கு, நிர்ப்பந்தம் யாருக்கும் இல்லை. படி கொடுப்பதைச் சட்டமாக்க வேண்டும் என்று நம் சங்கமும் மற்றச் சங்கங்களும் ஒரே குரலில் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

நாம் செய்ய வேண்டியவை

சட்டம் வரும்வரை கை கட்டி இருக்கலாகாது. பெற்றோருக்கு முதலில் சொல்வோம். பயிற்சிக்குப் போகும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். முதல் ஆண்டிலிருந்தே அதற்கென்று மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். தீபாவளிச் செலவில் ஒரு பங்கைக் குறைத்தால் அறைக்கு முன்பணம் ஆகும்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிடைத்த இடத்தில் போய் விழாமல், ஆறு மாதங்களுக்கு முன்பே தேடத் தொடங்குங்கள். போகுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: எந்தப் பிரிவில் வேலை? கற்பிப்பவர் யார்? படி எவ்வளவு? வேலையிடத்தில் அடிபட்டால் பொறுப்பு யாருடையது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அன்றாடம் செய்ததை அன்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். தேநீர் வாங்கச் சொன்னால் ஒரு நாள் வாங்கிக் கொடுங்கள்; அதில் மானம் போகாது. மாதம் முழுவதும் அதுவே வேலையானால், உங்கள் விரிவுரையாளருக்கு உடனே தெரிவியுங்கள். பயப்பட வேண்டாம். கேட்காத வாய்க்குச் சோறு இல்லை.

இனி, சங்கத்தின் கடமை. நம் தோட்டங்களிலிருந்து படித்துப் போய்க் கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் பினாங்கிலும் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொரு கிளையும் அவர்கள் பெயரைச் சேகரித்து ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பில் இடம் பிடிக்கும் தகப்பன் நம் பிள்ளைக்கு இல்லையென்றால், சங்கமே அந்தத் தகப்பனாக நிற்கட்டும். சங்கக் காரியாலயத்திலேயே ஆண்டுக்கு இரண்டு மாணவருக்கு இடம் கொடுக்கலாம். கூட்டு ஒப்பந்தம் எப்படிப் பேசப்படுகிறது, 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின்கீழ் ஒரு வழக்கு எப்படி நடக்கிறது என்பதைச் சட்ட மாணவனும் மனிதவள மாணவியும் நம்மிடம் கற்பதைவிட வேறெங்கே நன்றாகக் கற்பார்கள்? தொழிலாளர் சேமிப்பைக் கொண்டு 1960-இல் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்வோம். 1965-இல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் வந்த நாள் முதல், ரப்பரைச் சோதித்து, அதன் தரத்தைக் குறித்தே விற்கிறார்கள். அதற்கென்று ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. தாய் காலையில் மங்கில் சேர்த்த பால் ஸ்டோர் தாண்டிப் போன பிறகு என்ன ஆகிறது, அதில் ரப்பர் எத்தனை பங்கு, அழுக்கு எத்தனை பங்கு என்று அவள் மகன் அங்கே நின்று சோதிப்பதில் நிர்வாகத்துக்கு என்ன நட்டம்? மூன்று தலைமுறை அந்தப் பாலை வெட்டிய குடும்பம் அது. அதன் வேதியியலைக் கற்கும் உரிமை அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு முதலில் உண்டு.

அந்த அம்மையாருக்கு எமது பதில் இதுதான்: அம்மா, பாட்டனார் உழைத்தது வேறொருவரின் லாபத்துக்காக. பேரன் போவது தன் கைக்கு ஒரு தொழிலைத் தேடி. ஆனால் அவன் வெறுங்கையோடு திரும்பாமல் பார்த்துக்கொள்வது நம் எல்லார் பொறுப்பு.

நாம் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்கள் ஏழு இடங்களுக்குப் போயிருக்கின்றன. இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. கெடாவிலோ பினாங்கிலோ வேதியியல் மாணவனுக்கு, படியுடன் இடம் தரக்கூடிய ஆய்வுக்கூடம் ஏதும் தெரிந்த தோழர்கள் தங்கள் கிளைச் செயலாளரிடம் உடனே சொல்லுங்கள். அவனுக்குப் பின்னே நம் தோட்டத்திலேயே இன்னும் நால்வர் அடுத்த ஆண்டு வருகிறார்கள்.