சாவி எங்கே இருக்கிறது, மச்சான்?

போன மாதம் என் மச்சான் (மனைவியின் அண்ணன், ஆகவே மரியாதை கட்டாயம்) புதுக் கார் வாங்கினார். பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, எனக்கு டெமோ காட்டினார். சாவி சட்டைப் பையில் இருந்தால் போதும். கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும். பட்டனை அமுக்கினால் இன்ஜின் உறுமும்.

"சாவியை வெளியில எடுக்கவே வேணாம் மாப்பிள்ளே!"

'எடுக்காமலே திருடவும் முடியும் மச்சான்' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன். ஸ்வீட் இன்னும் வந்தபாடில்லை.

விஷயம் உண்மைதான். 2017 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஸோலிஹல் நகரத்தில் ஒரு வீட்டு வாசலில் மெர்ஸிடஸ் நின்றது. இரண்டு பேர் ஆளுக்கொரு பெட்டியுடன் வந்தார்கள். ஒருவன் வீட்டுக் கதவோரம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றவன் கார் பக்கத்தில். சுமார் ஒரு நிமிஷம். கார் போய்விட்டது. கண்ணாடி உடையவில்லை, அலாரம் கத்தவில்லை. சாவி வீட்டுக்குள் பத்திரமாக இருந்தது. வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸார் அந்த சிசிடிவி படத்தை வெளியிட்டபோது, பார்த்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் சாவி மாட்டும் ஆணியைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

எப்படி? கல்லூரியில் 'ப்ராக்ஸி' கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு (இல்லாதவர்கள் அடுத்த பக்கம் போகலாம்) சுலபமாகப் புரியும். புரொபசர் நம்பர் கூப்பிடுகிறார். நம் ஆள் ஹாஸ்டலில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். பக்கத்து பெஞ்சுக்காரன் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைக்கடியில் பிடிக்கிறான். "ப்ரெஸன்ட் சார்!" குரல் அசல். கையெழுத்துக்குச் சமம். ஆனால் ஆள் வகுப்பில் இல்லை.

காரும் இப்படித்தான் ஏமாறுகிறது. அது சன்னமான குரலில், ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் கேட்காத ரேடியோ அலையில், "சாவி இருக்கியா?" என்று கேட்கும். சாவி ரகசியச் சங்கேதத்தில் பதில் சொல்லும். பதில் வந்தாலே சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் முடிவு கட்டிவிடும். திருடர்களின் பெட்டிகள் செய்வதெல்லாம் அந்தச் சன்னக் குரலை வாசல்வரை கடத்தி, பதிலைத் திரும்பக் கொண்டுவருவதுதான். சங்கேதத்தை உடைக்கத் தேவையே இல்லை. தபால்காரன் கடிதத்தைப் படிக்க வேண்டுமா என்ன?

ஸூரிக் நகரின் ஈடிஹெச் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் எட்டுக் கம்பெனிகளின் பத்து மாடல் கார்களை இந்த வழியில் சோதித்து 2011-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பத்துக்குப் பத்தும் ஏமாந்தன. (பி.காமில் நான் பார்த்தே இராத மார்க்.) அதாவது ஸோலிஹல்லுக்கு ஆறு வருஷம் முன்பே எல்லாருக்கும் தெரிந்த சமாசாரம்! கம்பெனிகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்டால், பட்டனுக்கு நீல விளக்கு வைத்துக்கொண்டிருந்தன என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

சங்கேதத்தையே உடைத்த கதையும் உண்டு. 2018-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் டெஸ்லா மாடல் எஸ் சாவியை நகலெடுத்துக் காட்டினார்கள். அதன் ரகசிய எண் வெறும் 40 பிட். (அலிபாபாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) டெஸ்லா சாவியை மாற்றியது. பின் நம்பர் போட்டால்தான் ஓட்டலாம் என்ற வசதியும் அதே வருஷம் வந்தது. ஆனால் எத்தனை கெட்டிப் பூட்டு போட்டாலும் ப்ராக்ஸிக்காரனை அது தடுக்காது.

தடுக்க ஒரு வழி, புரொபசர் கையில் ஸ்டாப்வாட்ச். ரேடியோ அலை ஒரு நானோ செகண்டில் 30 சென்டிமீட்டர் போகும். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே எத்தனை நானோ செகண்ட் என்று அளந்தால் சாவி எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். திருடன் அலையைத் தாமதப்படுத்தலாம். அதன் வேகத்துக்கு மேல் விரட்ட முடியாது, ஐன்ஸ்டைன் விடமாட்டார். அல்ட்ரா வைட்பேண்ட் என்ற பெயரில் இப்போது பல கார்களில் வருவது இதுதான். ஆனால் ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்க மறந்த புரொபசர்களும் உண்டு. அந்த வசதி இருந்தும் கதவு திறக்கும்போது தூரத்தைச் சரிபார்க்காத கார் ஒன்றைச் சீன ஆராய்ச்சியாளர்கள் 2024-ல் திறந்து காட்டினார்கள். ஃபோர்டு 2019-ல் இங்கிலாந்தில் வேறு தந்திரம் செய்தது: சாவி 40 விநாடி அசையாமல் கிடந்தால் தானே தூங்கிவிடும். எளிமை. எனக்குப் பிடித்தது இதுதான்.

சரி, நம் மச்சானுக்கு என்ன வழி? ஸ்வீட் சாப்பிட்ட பிறகு மெதுவாகச் சொன்னேன். நம்பவில்லை. "நம்ம தெருவுல யாருக்கு மாப்பிள்ளே அந்த அளவுக்கு மூளை?" அக்கா நம்பினாள். மாதத் தவணை கட்டுவது அவள் சம்பளத்தில். உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்தாள். சாவியைப் போட்டு, கார் பக்கத்தில் நின்று கைப்பிடியைத் தொட்டோம். திறந்தது! மூடி லூஸ். அழுத்தி மூடிவிட்டு மறுபடி தொட்டால், கம்மென்று இருந்தது. டப்பாவோ கடையில் விற்கிற உலோக உறையோ, இந்தச் சோதனை செய்யாமல் நம்பாதீர்கள். சில சாவிகளில் அலையை நிறுத்திவைக்கும் வசதியும் உண்டு. மானுவலில் இருக்கும், நாம்தான் பிரிப்பதில்லை.

டப்பாவும் சர்வரோக நிவாரணி இல்லை. லண்டனில் 2022-ல் ஒரு டொயோட்டாவை ஹெட்லைட் பக்கமிருந்த ஒயரில் ஒரு கருவியைச் சொருகித் திருடினார்கள். சாவியைக் கேட்கவே இல்லை. சாவி சரி என்ற பொய்த் தகவலைக் காரின் உள் ஒயரிங்கிலேயே அனுப்பிவிட்டார்கள். அதற்கு, ஸ்டீரிங்கில் குறுக்கே மாட்டும் பழைய இரும்புத் தடிப் பூட்டு தேவலை. அதை ரேடியோவில் அறுக்க முடியாது.

ஸ்டீரிங் பூட்டும் வாங்கிவிட்டார் மச்சான். நேற்று பூரிப்போடு போன் செய்தார்: "இப்ப எவன் வரான்னு பார்த்துடறேன்."

"சரி மச்சான், ஸ்பேர் சாவி எங்கே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அக்காவின் குரல் பின்னாலிருந்து தெளிவாகக் கேட்டது. "வாசக்கதவு பக்கத்துல, முருகர் காலண்டர் ஆணியில!"