வைத்தியர் கேளாத கேள்வி

இந்த வாரம் நாம் எழுதப் புகும் விஷயத்தைக் கண்டு சிலர் முகத்தைச் சுளிக்கக் கூடும். "இதையெல்லாமா பத்திரிகையில் எழுதுவது?" என்று கேட்கவும் கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம், வியாதியானது உறுப்பைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு வருவதில்லை என்பதேயாகும். வியாதிக்கு இல்லாத வெட்கம் வைத்தியத்துக்கு மாத்திரம் எதற்கு என்று கேட்கின்றோம்.

ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், நெல்லிக்காய் அளவில் புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கின்றது. விந்துவோடு சேருகின்ற நீரில் ஒரு பங்கை உண்டாக்குவது அதன் வேலை. வயது ஏறிய ஆண்களுக்கு இதில் புற்றுநோய் காணுவது உலகமெங்கும் உள்ள சங்கதி. 2022-ஆம் வருஷத்தில் மாத்திரம் 14 லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்கு இது புதிதாய்க் கண்டதாகக் கணக்குச் சொல்லுகின்றது. மெதுவாய் வளரும் நோயானால் வைத்தியர்கள் தொடாமல் கவனித்து வருவதும் உண்டு. மற்றபடி முக்கியமான வைத்தியம் மூன்று. சுரப்பியை அறுத்தெடுத்து விடுவது ஒன்று. கதிர் பாய்ச்சி நோயை அழிப்பது மற்றொன்று. ஆணுக்குரிய ஹார்மோனை அடக்கி, நோயைப் பட்டினி போடுவது மூன்றாவது. இந்த மூன்றாவது வழியை 1941-இல் அமெரிக்காவில் எடுத்துக் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ் என்பவருக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வைத்தியங்களால் அநேகர் உயிர் பிழைக்கின்றார்கள். ஆனால் அந்த உயிருக்கு ஒரு விலையும் கொடுக்கின்றார்கள். சுரப்பியை அறுத்தெடுத்த பிறகு விந்து வெளிப்படுவது என்பதே கிடையாது. சுரப்பியை ஒட்டிச் செல்லும் நரம்புகள் அறுபட்டால் குறி விறைப்பதும் போய்விடும். இந்நரம்புகளைக் காப்பாற்றி அறுக்கும் முறையை பேட்ரிக் வால்ஷ் என்னும் இரண வைத்தியர் 1982-இல் பால்டிமோர் நகரத்தில் செய்து காட்டினார். அப்படிச் செய்தும் எல்லோருக்கும் பழைய நிலை திரும்பி விடுவதில்லை. கதிர் வைத்தியத்தில் விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாய்க் குறையும். அடுத்தாற்போல் இருக்கும் மலக்குடலும் புண்படக் கூடும். ஹார்மோனை அடக்கினாலோ ஆசையே அடங்கிப் போகக் கூடும்.

நிற்க, இந்த விலை எல்லா ஆண்களுக்கும் ஒரே மாதிரியானதா என்பதுதான் நமது கேள்வி. ஆணின் மேல் ஆசை கொள்ளும் ஆண்களும், ஆண் பெண் ஆகிய இருபாலார் மேலும் ஆசை கொள்ளும் ஆண்களும் எல்லாத் தேசங்களிலும் இருக்கின்றார்கள். தன்பாலீர்ப்பினர் என்றும் இருபாலீர்ப்பினர் என்றும் இக்காலத்தில் இவர்களைச் சொல்லுகிறோம். அவர்களுக்கும் புராஸ்டேட் உண்டு. அவர்களுக்கும் இந்நோய் உண்டு. ஆணும் ஆணுமாய் வாழும் வீட்டில் இருவருக்குமே உண்டாகக் கூடும்.

இவர்கள் ஆசனவாய் வழியாகச் சேருவதுண்டு. அதற்கு அதிகமான விறைப்பு வேண்டும். ஆகவே, "இவ்வளவு விறைப்பு போதும்" என்று பெண்சாதியுள்ளவரை மனதில் வைத்து வைத்தியர் சொல்லும் அளவு இவர்களுக்குப் போதாது. அன்றியும், ஏற்றுக்கொள்ளும் இடத்தில் இருப்பவருக்கு அந்தச் சுரப்பியே இன்பம் தரும் உறுப்பாய் இருக்கின்றது. அதை எடுத்துவிட்டால் அந்த இன்பத்தில் ஒரு பங்கு போகின்றது. அதை விட்டுவிட்டுக் கதிர் பாய்ச்சினாலோ, மலக்குடல் புண்பட்டு, சேர்க்கையே வலியாகவும் இரத்தப் போக்காகவும் முடியலாம். எனவே ஒருவருக்குக் கத்தி பெரிய நஷ்டம். மற்றொருவருக்குக் கதிர் பெரிய நஷ்டம். எது யாருக்கு என்பது அவரவர் வாழுகின்ற வாழ்க்கையைப் பொறுத்தது. அந்த வாழ்க்கை இன்னதென்று தெரியாமல் வைத்தியர் எப்படி யோசனை சொல்லுவார்? நோயாளிதான் எதை வைத்துக்கொண்டு முடிவு செய்வார்?

தெரிந்துகொள்ள வழி மிகவும் சுலபம். "நீங்கள் யாரோடு சேருகிறீர்கள், எப்படிச் சேருகிறீர்கள்?" என்று கேட்டால் போதும். ஆனால் இந்த ஒரு கேள்விதான் அநேகமாய்க் கேட்கப்படுவதில்லை. "உங்கள் பெண்சாதி என்ன சொல்லுகிறார்கள்?" என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்து விட்டால், எதிரில் இருப்பவர் என்ன பதில் சொல்லுவார்? வாயை மூடிக்கொள்ளுவார்.

விஞ்ஞானம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் இடத்திலும் இந்தக் கண்மூடி வழக்கம் புகுந்திருப்பதற்கு ஒரு அத்தாட்சி சொல்லுகின்றோம். ஆண்களின் விறைப்புக் குறைவை அளப்பதற்கு 1997-இல் 15 கேள்விகள் கொண்ட ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அது உலகமெங்கும் கையாளப்பட்டு வருகின்றது. அந்தத் தாளில் 'சேர்க்கை' என்பதற்குப் பெண்குறியில் புகுத்துவது என்றே அர்த்தம் எழுதியிருக்கின்றது. அப்படியானால், ஆணோடு வாழும் ஒருவர் அத்தாளை எப்படிப் பூர்த்தி செய்வார்? "இல்லை" என்று எழுதினால், சேர்க்கையே இல்லாதவர் என்று கணக்கில் ஏறுவார். "உண்டு" என்று எழுதினால் அது பொய்யாகும். ஒரு சாரார் தராசுத் தட்டில் ஏறவே கூடாதென்று ஏற்பாடு செய்து வைத்துவிட்டு, "நிறுத்துப் பார்த்தோம், அவர்களைக் காணோம்" என்று சொல்லுவது என்ன விஞ்ஞானம்?

இது வெறும் இன்பத்தைப் பற்றிய சங்கதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இதில் அபாயமும் இருக்கின்றது. நோயைக் கண்டுபிடிக்க பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை செய்கின்றார்கள். அதற்கு முன்னால் ஆசனவாய்ச் சேர்க்கை நடந்திருந்தால் கணக்கு உயர்ந்து காட்டக் கூடும். ஆதலால் ஒரு வாரம் விலகி இருக்கும்படி பிரிட்டனில் ஆலோசனை சொல்லுகின்றார்கள். கதிர்வீசும் சிறு விதைகளைச் சுரப்பிக்குள் புதைக்கும் வைத்தியம் செய்துகொண்டால், சேருகின்றவருக்கும் கதிர் படக் கூடுமாகையால் சில மாத காலம் விலகியிருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் பாதிக்கப்படுவது நோயாளி மாத்திரமல்ல, அவருடைய துணைவருந்தான்.

இன்னும் கேளுங்கள். 1998-இல் வயாகரா என்னும் மாத்திரை வந்தது. விறைப்புக் குறைந்தவர்களுக்கு வைத்தியர்கள் அதை எழுதிக் கொடுக்கின்றார்கள். மேல்நாடுகளில் ஆணோடு சேரும் ஆண்களில் சிலர் 'பாப்பர்ஸ்' என்ற நைட்ரைட் மருந்தை மூக்கால் உறிஞ்சும் பழக்கமுள்ளவர்கள். இரண்டும் ஒன்று சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று வீழ்ந்து உயிருக்கே ஆபத்து வரும். மேலும், விறைப்புக் குறைந்தவருக்கு ஆணுறை சரியாய் நிற்பதில்லை. அதனால் உறையை விட்டுவிட்டால் ஹெச்.ஐ.வி. முதலான தொற்றுக்கு வழி திறந்து விடுகின்றது. கேளாத வைத்தியருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. எழுதிக் கொடுத்த சீட்டே எமனாய் முடிந்தால் அதற்கு யார் ஜவாப்தாரி?

"உயிர் பிழைத்தது போதாதா? அறுபது எழுபது வயதில் இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பல் போன கிழவருக்குப் பல் கட்டுகிறோம்; கண் மங்கினவருக்குக் கண்ணாடி கொடுக்கின்றோம்; "இந்த வயதில் உமக்கு முறுக்கு எதற்கு, பத்திரிகை எதற்கு?" என்று யாரும் கேட்பதில்லை. பெண்சாதியுள்ள கிழவருக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும்போது வராத இந்த வயதுக் கேள்வி, துணைவரோடு வாழும் கிழவரிடத்தில் மாத்திரம் வருவானேன்? ஆகவே இங்கே குறுக்கே நிற்பது வயது அல்ல. அருவருப்புக்கு வயது என்ற முக்காடு போட்டிருக்கின்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கின்றது.

"அப்படியானால் நோயாளியே வாயைத் திறந்து சொல்லுவதுதானே?" என்றும் கேட்கலாம். அவர் எப்படிச் சொல்லுவார்? இன்று எழுபத்தைந்து வயதான ஒரு அமெரிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1973 வரையில் அந்நாட்டு மனோவைத்தியர் சங்கமே அவரது ஆசையை ஒரு வியாதி என்று ஏட்டில் எழுதி வைத்திருந்தது. 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்யும் வரையில், சில மாகாணங்களில் அது குற்றமாகவும் இருந்தது. வைத்தியர் வியாதி என்றும், போலீசார் குற்றம் என்றும் சொல்லக் கேட்டு வளர்ந்தவர், ஆஸ்பத்திரிக்குள் வந்தவுடன் மனம் திறந்து பேசிவிடுவாரா? பூட்டினவர்கள் அல்லவா முதலில் திறக்க வேண்டும்?

திறக்கும் வேலையையும் சிலர் ஆரம்பித்திருக்கின்றார்கள் என்பதைச் சந்தோஷத்தோடு தெரிவிக்கின்றோம். ஆஸ்திரேலியாவில் கேரி டௌசெட் என்ற ஆராய்ச்சியாளர், தமக்கே இந்நோய் வந்தபோது பட்ட அனுபவத்தை 2008-இல் ஒளிக்காமல் எழுதி அச்சிட்டார். அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையார் இந்த வைத்தியம் செய்துகொண்ட தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்கள் 193 பேரை விசாரித்தார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் பல, பழைய கேள்வித்தாளில் கேள்வியாகக்கூட இல்லாதவை. கேட்டதால் அல்லவா தெரிந்தது?

நம் நாட்டிலும் 1860-ஆம் வருஷத்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, வயது வந்தவர்கள் மனமொத்துச் சேருவதைக் குற்றமாக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம், இவர்களை 'மாற்றுகிறோம்' என்று செய்யும் வைத்தியத்தைத் தடுத்து, வைத்தியப் பாடப் புத்தகங்களையும் திருத்த வேண்டும் என்றது. புத்தகம் திருந்தினால் போதாது. நோயாளியின் எதிரில் உட்காரும் வைத்தியரின் நாக்கும் திருந்த வேண்டும்.

முடிவாக நாம் சொல்லுவது இதுதான். வைத்தியர்களே! கத்தியை எடுக்கு முன்னும், கதிரைப் பாய்ச்சு முன்னும், எல்லா ஆண்களையும் இந்த ஒரு கேள்வி கேளுங்கள். பெண்சாதியை உள்ளே விடுவது போலவே, நோயாளி கைகாட்டும் துணைவரையும் உள்ளே விடுங்கள். நோயாளிகளே! கேளாவிட்டாலும் சொல்லுங்கள், வைத்தியர் முகம் சுளித்தால் வேறு வைத்தியரைப் பாருங்கள். மற்றவர்களே! பிறர் படுக்கையைப் பற்றி உங்களுக்குப் பிடித்தமில்லாமல் இருக்கலாம். அதற்காக ஒருவருடைய வைத்தியம் கெட வேண்டுமென்று சொல்ல உங்களுக்கு ஏது பாத்தியதை? மனிதனை உள்ளபடி பார்த்து வைத்தியம் செய்வதே அறிவாகும். தனக்குப் பழக்கமான மாதிரியில்தான் எல்லா மனிதரும் இருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு செய்வது, எந்த மருந்தைக் கொண்டு செய்தாலும் குருட்டு நம்பிக்கையே ஒழிய வேறல்ல.