13 மேட்ச்தான்... நம்ம பையனுக்கு எத்தனை?

பள்ளிக்கரணையில் இரவு பத்தரைக்கு டர்ஃப் விளக்கை அணைத்த பிறகுதான் உண்மையான ஆட்டம் ஆரம்பிக்கிறது. வேளச்சேரி - தாம்பரம் சாலையோர டீக்கடையில், வியர்வை காயாத ஜெர்ஸியோடு ஏழெட்டுப் பேர். சென்னையின் எஃப்.சி-யில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், யாரைப் பிடித்துப் போட வேண்டும்... பேச்சு இதைத் தாண்டிப் போவதில்லை.

சீசன் இல்லாத மாதங்களில் ரசிகனுக்கு இதுதான் தீனி. பல வருடங்களில் இதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். இந்த முறை கிட்டத்தட்ட 11 மாதம் இழுத்துவிட்டது. 2025 மார்ச்சில் லீக் ஆட்டங்கள் முடிந்தபோது 13 அணிகளில் 11-வது இடத்தில் நின்றது சென்னையின். அதற்கு முந்தைய சீசனில் ஆறாவதாக வந்து பிளே ஆஃப் போன அணி. 'அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்' என்று மனசைத் தேற்றிக்கொண்டார்கள். அடுத்த சீசனே காணாமல் போனது.

கதை தெரிந்ததுதான். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் ஐ.எஸ்.எல் நடத்திய நிறுவனமும் 2010-ல் போட்ட 15 வருட ஒப்பந்தம், 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. அதற்குப் பிறகு என்ன என்பது முடிவாகாததால் ஜூலையில் லீக்கை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட்டில் பெங்களூரு எஃப்.சி முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. சில நாள்களில் சென்னையினும் தற்காலிகமாகக் கதவைச் சாத்தியது. ஒருவழியாக 2026 பிப்ரவரி 14-ல் ஆரம்பம் என்று மத்திய விளையாட்டு அமைச்சர் அறிவித்தார். 14 அணிகள், மொத்தம் 91 ஆட்டங்கள். ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு ஒரே ஒரு முறைதான் மோதும். 2024-25 சீசனில் ஓர் அணிக்கு 24 ஆட்டம். 2026-ல் 13.

டீக்கடையில் கட்சி பிரிந்தது இந்த 13-ல்தான்.

"மச்சி, 13 மேட்ச்தானே? ஒரு நல்ல ஃபாரின் ஸ்ட்ரைக்கர் சிக்கினா போதும், தள்ளிட்டுப் போயிடலாம். 2015-ல மென்டோசா ஒருத்தன் பண்ணலையா?" என்கிறார் ஓ.எம்.ஆர் ஐ.டி கம்பெனி இளைஞர். அவர் சொல்வது பொய்யில்லை. அந்த சீசனில் கொலம்பியாக்காரர் மென்டோசா அடித்தது 13 கோல். இறுதிப் போட்டியில், கோவா மண்ணிலேயே, 90 நிமிடம் தாண்டிய பிறகு வெற்றி கோலைப் போட்டதும் அவரேதான்.

"தம்பி, அப்ப களத்துல ஃபாரின்காரன் ஆறு பேர். இப்ப நாலு பேர்தான். அதை மறந்துட்டுப் பேசாத" என்கிறார் வங்கியில் வேலை பார்க்கும் பெரியவர். முதல் வருடத்திலிருந்து வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, பார்க் டவுனில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தவர். அவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும், ஆனாலும் கேட்கலாம்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. 2014-ல் ஆரம்பித்தபோது 11 பேரில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017-18-ல் அது ஐந்தானது. 2021-22-லிருந்து நான்கு. அதாவது களத்தில் ஏழு பேர் இந்தியர்களாக இருந்தே ஆக வேண்டும். நாலு பேரைக் காசு கொடுத்துக் கடல் தாண்டி வாங்கலாம். மிச்சம் ஏழு பேரை எங்கே வாங்குவது? பக்கத்து கிளப்பிடம் போட்டி போட்டுத் தூக்க வேண்டும். இல்லையென்றால் சொந்தமாக வளர்க்க வேண்டும்.

வளர்ப்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. டேராடூன் பையன் அனிருத் தாபா 2016-ல் இங்கே வந்தபோது வயது 18. வாய்ப்பு கொடுத்தார்கள், தப்பு செய்தான், மறுபடியும் கொடுத்தார்கள். 2018-ல் பெங்களூருவை அதன் ஊரிலேயே 3-2 என்று சாய்த்துக் கோப்பை தூக்கிய அணியில் அவனும் ஒருவன். பிறகு கேப்டன். 2023-ல் மோகன் பகான் கொத்திக்கொண்டு போனது. 'வளத்த கடா மார்ல பாஞ்சிடுச்சு' என்று இன்றைக்கும் ஒருவர் புலம்புகிறார். புலம்பலில் நியாயமில்லை. நல்ல சம்பளம் வந்தால் யாரும் போகத்தான் செய்வார்கள். அடுத்த தாபா தயாராக இருந்தாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்குத்தான் இந்த 13 எமனாக வந்து நிற்கிறது. 24 ஆட்டம் இருந்தால் நாலு பாயின்ட் போனாலும் பரவாயில்லை என்று கோச் ஒரு 19 வயதுப் பையனை இறக்கிப் பார்ப்பார். 13 ஆட்டத்தில், தோற்றவனை மறுபடி சந்திக்கும் இரண்டாவது சுற்றே இல்லாதபோது, எந்த கோச்சுக்கு அந்தத் துணிச்சல் வரும்? 2025-ல் வந்த கோச் கிளிஃபோர்ட் மிராண்டா கோவாக்காரர், 2023-ல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், உள்ளூர்ப் பையன்களை அறிந்தவர். அவருக்கும் கணக்கு கணக்குதான். பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு பையனுக்கு 18 வயது 20 ஆகிவிடும்.

மிராண்டாவின் அந்த ஒடிசா அணியில் சென்னைப் பையன் நந்தகுமார் சேகரும் இருந்தார். பிறகு ஈஸ்ட் பெங்கால் போய், 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒற்றை கோல் அடித்து கொல்கத்தாவையே ஆட வைத்தார். சிவகங்கைச் சீமையின் சிவசக்தி பெங்களூரு அணிக்கு ஆடி, 2022-23-ல் லீக்கின் சிறந்த இளம் வீரர் விருதை வாங்கினார். 2018-19-ல் ஐ லீக்கை வென்ற சென்னை சிட்டி அணியில் எட்வின், ரொமாரியோ என்று நம்ம ஊர்க்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ஜெயித்த ஆட்டம் கோவையில். அந்த கிளப் இரண்டே வருடத்தில் ஐ லீக்கை விட்டே காணாமல் போனது. விதை இல்லாத ஊரில்லை இது. நாற்றங்கால்தான் நிலைப்பதில்லை.

இதையெல்லாம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார் ஓர் ஏ.சி மெக்கானிக். ஆட வந்த பிளஸ் ஒன் மகனைக் கூட்டிப்போக வந்தவர். மெதுவாகக் கேட்டார். "அண்ணே, கோச்சிங்னு மாசாமாசம் கட்டுறேன். பெரிய கிளப்புலயே சம்பளம் நின்னுச்சுங்கிறீங்க. இதுல சோறு கெடைக்குமா?"

கூட்டம் சட்டென்று அமைதியானது. மீம்ஸ் போடத் தெரிந்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

பெரியவர்தான் சொன்னார். "கிளப்பை மட்டும் நம்பாதீங்க. அந்தக் காலத்துல சபீர் பாஷா மாதிரி ஆளுங்க இந்தியன் பேங்க்ல வேலையில இருந்துக்கிட்டே இந்தியாவுக்கு ஆடினாங்க. ரயில்வே, ஐ.சி.எஃப், பேங்க்னு சென்னை லீக்ல இன்னும் டீம் இருக்கு. அரசாங்க வேலையில ஸ்போர்ட்ஸ் கோட்டா மூணு பர்சன்ட் இருக்கு. ஆனா சர்டிஃபிகேட் வேணும். டர்ஃப்ல ஆடினா சர்டிஃபிகேட் வராது. பெரிய கிரவுண்ட்ல, ஸ்கூல் டீம், மாவட்ட டீம்னு ஆடணும். பிளஸ் டூவையும் விடக் கூடாது."

"இப்ப இவனை கோச் ஏதோ லெஃப்ட் பேக்ல ஆடச் சொல்றாராம். முன்னாடியெல்லாம் முன்னால நின்னு கோல் போட்டுக்கிட்டு இருந்தான். டிமோஷனாண்ணே?"

ஐ.டி இளைஞர் துள்ளி எழுந்தார். "பையன் இடதுகாலா? அண்ணே, விட்டுடாதீங்க! இடதுகால்ல ஆடுற டிஃபெண்டர் நம்ம ஊர்ல கெடைக்கிறதே கஷ்டம்."

நாலு டீ கிளாஸ், ரெண்டு பிஸ்கட் பாட்டில் மூடி, ஓர் உப்புக் கடலைப் பொட்டலம். பெஞ்சில் டிஃபென்ஸ் வரிசை தயாரானது. லெஃப்ட் பேக் எப்போது பின்னால் நிற்க வேண்டும், எப்போது கோட்டை ஒட்டி மேலே ஏறி கிராஸ் போட வேண்டும் என்று ஆளுக்கொரு பக்கம் கிளாஸை நகர்த்தினார்கள். மகனுக்கு எல்லாம் தெரியும். அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மெக்கானிக் கடைசி கிளாஸை எடுத்து, கோட்டை ஒட்டி மேலே தள்ளிப் பார்த்தார்.

"அப்ப இவன் ஓடிப்போய்க் குடுப்பான், வேற எவனோ கோல் போடுவான்... அப்படித்தானே?"